அக்காளின் அளவு

கோவில்பட்டி,
பங்குனி மாதம், திங்கட்கிழமை.

அன்பு மகன் காமராஜுக்கு, சித்தி ஜெயப்பிரியா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் இங்கே இருக்கிறபடி இருக்கிறோம். நீ அங்கே வெயிலுக்கும் ஏசிக்கும் நடுவில் கிடந்து சளி பிடிக்காமல் இருக்கச் செண்பகவல்லி அம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே. போன் இருக்கும்போது இவள் ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்து அறையிலிருந்து காது கொடுப்பார். நீயும் வீடியோவில் வா என்பாய். போனில் கேமரா ரிப்பேர் என்று நான் சொல்லிவந்தது பொய். தை மாதம் ஒருநாள் நான் ஜன்னல் பக்கம் திரும்பியபோது, பேசிக்கொண்டிருந்த நீ வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாய். அப்புறம் நெட் கட்டாகிவிட்டது என்றாய். நெட் கட்டாகவில்லை, உன் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அன்றைக்குத்தான் கேமராவை மூடினேன்.

உன் கூட்டாளி டெனிஸ் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான். கடலைமிட்டாயும் மிதுக்கவத்தலும் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் இந்தக் கடிதமும் இருக்கும். அவன் பிரித்துப் படிக்கிற பையன் இல்லை, வத்தலை வேண்டுமானால் பாதி தின்றுவிடுவான்.

ஊரில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. கார்த்திகையில் வேண்டிய மழை தையில் வந்து உளுந்தைக் கெடுத்தது. விளைந்தால்தானே உரம் வாங்குவார்கள்? உன் அப்பா கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார். பக்கத்துக் கடைக்காரர் பெருமாள்சாமி அண்ணாச்சி மகளுக்குச் சாத்தூரில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. உனக்கும் பார்க்கச் சொல்லி நாலு பேர் கேட்கிறார்கள். முதலில் அவன் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் உடம்பைப் பற்றித்தான்.

போன ஆடியில் சுகர் ஏறிப்போய் டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியும். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், உள்ளங்காலில் குச்சியால் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்டார். இப்படியே போனால் முதலில் கண், அப்புறம் கிட்னி என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டார். நடக்க வேண்டும், சோற்றைக் குறைக்க வேண்டும், இனிப்பைத் தொடக்கூடாது. எல்லாம் முன்னாலேயே சொன்னதுதானே, இத்தனை வருஷம் ஏன் செய்யவில்லை என்று கேட்டார். நாக்கு கேட்கவில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் நம்பிவிட்டார். நாக்கின் மேல் பழியைப் போட்டால் உலகமே நம்பும்.

காரணம் நாக்கு இல்லை ராஜா. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உன்னைப் பெற்ற என் அக்காள் சுந்தரேஸ்வரி மஞ்சள்காமாலையில் போனபோது உனக்கு மூன்று வயது. அக்காள் இருக்கும்வரைதான் மச்சான் உறவு என்பார்கள். எனக்கு அக்காள் போன பிறகுதான் உறவே வந்தது. பிள்ளையை வேற்று மனுஷி கையில் கொடுக்கமாட்டோம் என்று பெரியவர்கள் கூடிப் பேசி, என்னை உன் அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். அப்போது நான் முருங்கைக்காய் மாதிரி இருப்பேன். முகம், கழுத்து, கை வீச்சு எல்லாம் அக்காளின் அச்சு. முகூர்த்தத்துக்குப் போகும் முன் உன் ஆச்சி, என் அம்மா, என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய் வாயில் ஒரு லட்டைத் திணித்தாள்.

"நல்லாத் தின்னுட்டி. அவ சாயல் ஒம்மேல தெரியவே கூடாது. தெரிஞ்சிச்சுன்னா அவ போமாட்டா."

அன்றிலிருந்து தின்றேன். எனக்கு இனிப்பு பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே மிளகாய்தான். பழைய சோற்றுக்கு நாலு மோர் மிளகாய் வைத்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன். ஆனாலும் மருந்து விழுங்குகிற மாதிரி லட்டையும் போளியையும் விழுங்கினேன். கன்னம் வந்தது, கழுத்து மூடியது. இரண்டு வருஷத்தில் அக்காளை என்மேல் யாரும் பார்க்க முடியவில்லை. அதுவரைக்கும் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிற உன் அப்பா, நிமிர்ந்து பேச ஆரம்பித்தார். நீயும் என்னை ஒருதரம், சுவரில் இருக்கிற படத்தை ஒருதரம் பார்ப்பதை நிறுத்தினாய். பிரியா ஊதிவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன். மனதுக்குள் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட நிம்மதி.

அந்தத் தாழ்ப்பாளைத்தான் டாக்டரம்மா எடுக்கச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்?

ஆனாலும் சாகப் பயமாக இருந்தது. நீ மாலையும் கழுத்துமாக நிற்பதைப் பார்க்கக் கண் வேண்டும் என்று இருந்தது. எட்டயபுரம் ரோட்டில் வீடுகள் முடிந்து கரிசல் தொடங்குகிற இடம்வரை காலையில் நடக்க ஆரம்பித்தேன். கம்பங்கூழ், கொள்ளு, கீரை என்று மாறினேன். ஐப்பசியில் நீ வீடியோவில் பார்த்து, சித்தி மெலிந்துவிட்டாய் என்று சந்தோஷப்பட்டாய். எனக்கும் சந்தோஷம்தான். முழங்கால் வலி போயிற்று. மூச்சு வாங்கவில்லை.

கார்த்திகையில் ஒரு காலையில் ரோட்டில் திரும்பி வரும்போது, வெயில் முதுகில் அடித்து நிழல் முன்னால் நீளமாக விழுந்தது. ஒல்லியான நிழல். இடது கையைக் கொஞ்சம் அகட்டி வீசிக்கொண்டு போயிற்று. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு அக்காள் முன்னால் நடக்க, நான் பின்னால் ஓடுவேன். அதே நடை. நான் நின்றேன். நிழலும் நின்றது. என் நிழல் நிற்காமல் வேறென்ன செய்யும் என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் அது நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வாரமே பெத்தம்மாள் பார்த்துவிட்டாள். தெருமுனையில் கீரை விற்கிறாளே, அவள். கட்டை அவிழ்த்துக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்துச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏட்டி சுந்தரி, எப்ப வந்த?"

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கீரையை அப்படியே போட்டுவிட்டுக் காசுகூட வாங்காமல் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு அவள் நம் தெருவுக்குள் வருவதில்லை. கீரைக்கு நான் மார்க்கெட்டுக்குப் போகிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம் உன் அப்பா உர வசூலுக்குக் கடம்பூர் போய்விட்டு ஒரு பொட்டலம் போளியோடு வந்தார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். ஆனாலும் பிரித்து என் முன்னால் வைத்து, ஒன்றுதானே, தின்னு என்றார். அடுத்த நாள் அல்வா. அதற்கடுத்த நாள் சேவு, சீனிச்சேவு. நான் தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவரும் பார்த்துவிட்டார் என்று புரிந்தது. அம்மா செய்த வைத்தியத்தை அவர் செய்கிறார். எனக்கும் பயம்தானே, தின்றேன். நடையை நிறுத்தினேன். அடுக்களையில் நின்றுகொண்டே போளியைப் பிய்த்துப் போட்டுக்கொள்வேன். மார்கழி முழுக்க அப்படிப் போயிற்று.

பொங்கலுக்கு முன்னால் இடது கண்ணுக்குள் கறுப்பு நூல் ஒன்று இறங்கியது. துடைத்தால் போகவில்லை. டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, ஊசி போடுகிறேன், ஆனால் இதற்கு மேலும் நீங்கள் தின்றால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பக்கத்தில் உன் அப்பா நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, மீதியிருந்த இனிப்பை எல்லாம் எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டினார். நான் மறுபடியும் நடக்க ஆரம்பித்தேன்.

மறுபடி மெலிந்தபோது, இந்தத் தடவை அவர் தடுக்கவில்லை. அதைவிடத் தடுத்திருக்கலாம்.

முதலில் அக்காள் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தார். கண்ணாடி மாற்றக் கொடுத்திருக்கிறேன் என்றார். இன்னும் வரவில்லை. சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகக் கிடக்கிறது. ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்தேன், உர மூட்டைக்குப் பின்னால் படம் சுவரைப் பார்த்து நிற்கிறது. ஒரே வீட்டில் அந்த முகம் இரண்டு இருக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்புறம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டே பேப்பரைப் பார்த்தபடி, சுந்தரி, கொஞ்சம் ரசம் ஊற்று என்றார். அவருக்குத் தான் சொன்னது தெரியவில்லை. நானும் இந்தா வாரேன் என்று சொல்லி ஊற்றிவிட்டேன். ஊற்றிவிட்டு அடுக்களைக்கு வந்த பிறகுதான் பயந்தேன். அவர் கூப்பிட்டதற்கு இல்லை. நான் யோசிக்காமல் பதில் சொன்னதற்கு.

மாசியில் கனகாம்பரம் வாங்கி வந்தார். எனக்குப் பிச்சிப்பூதான் பிடிக்கும், கனகாம்பரம் அக்காளுடையது. தலையில் வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்று நீ கேட்பாய். உன்னிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரிடம் சொல்வேன்? இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. நல்ல மனுஷன், ஒரு குறை வைத்ததில்லை, அது வேறு. அன்றைக்குப் பார்த்த பார்வையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான் யோசித்தேன், சந்தோஷப்படுவது யார்?

வெள்ளிக்கிழமை அக்காளுக்குப் படையல். அதை முடித்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.

சனிக்கிழமை, மத்தியானம்.

ராஜா, படையல் நேற்று முடிந்தது. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். புதுச் சேலையும், அக்காளின் அளவில் தைத்த ஜாக்கெட்டும், மஞ்சள், குங்குமம், வளையலும் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கும்பிட்டு பீரோ மேல் ஏற்றிவிடுவோம். போன வருஷத்துத் துணியை வெளியே எடுத்து, வீட்டுக்காரி உடுத்திக்கொள்ள வேண்டும். நீ சின்னப் பையனாக இருந்தபோது, அம்மா எப்போது வந்து இதை உடுத்துவாள் என்று பெட்டியைத் தட்டித் தட்டிக் கேட்பாய். சேலையை ஒவ்வொரு வருஷமும் நான் உடுத்துவேன். ஜாக்கெட் என் முழங்கையைத் தாண்டாது. துணி துவைக்கிறவளுக்குக் கொடுத்துவிடுவேன்.

நேற்று கதவைச் சாத்திக்கொண்டு சும்மா போட்டுப் பார்த்தேன். கை நுழைந்தது. ஊக்குகள் ஒவ்வொன்றாக மாட்டின. இழுக்கவும் இல்லை, தொளதொளக்கவும் இல்லை. ஒரு வருஷமாகப் பெட்டிக்குள் கிடந்த துணி, உடம்பில் பட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றிவைத்த மாதிரி. பங்குனி வெயிலில் பீரோ மேல் இருந்த பெட்டி, சூடு இருக்காதா என்று சொல்லிக்கொண்டேன். கழற்றிவிடலாம் என்றும் தோன்றியது. அதற்குள் உன் அப்பா கற்பூரம் காட்டக் கூப்பிட்டுவிட்டார்.

நான் வெளியே வந்தேன். கற்பூரத் தட்டோடு திரும்பியவர் என்னைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார். வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வந்துட்டியா என்றார்.

நான் பிரியா, அத்தான் என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"தெரியும்ட்டி. அவளும் கேட்டுக்கிட்டுதான இருக்கா."

படையல் இலையை அப்படியே இழுத்து என் முன்னால் வைத்தார். சர்க்கரைப் பொங்கல், அதிரசம், போளி. எல்லாம் அக்காளுக்காக அவரே நின்று செய்யச் சொன்னது. போளியில் ஒரு விள்ளல் பிய்த்து என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டி, ஒரு வாய் என்றார். டாக்டர், கண், ஊசி ஒன்றும் அவர் நினைவில் இல்லை. செத்தவளுக்கு சுகர் ஏது?

ராஜா, என் வாயில் எச்சில் ஊறியது. வாழ்நாளில் இனிப்புக்கு என் வாய் ஊறியதில்லை. என் கை தானாக மேலே போயிற்று. அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இனிப்பு தின்கிறவள் அக்காள். சின்ன வயதில் வெல்லப் பானையை அவள் காலி செய்வாள், அடியை நான் வாங்குவேன். எவ்வளவு தின்றாலும் அவளுக்குச் சதை பிடிக்காது. அவளை விரட்டுகிறேன் என்று இத்தனை வருஷம் அவளுக்குப் பிடித்ததை அவளுக்கே ஊட்டிக்கொண்டிருந்தேனா? என் வாய்வழியாக அவள்தான் தின்றுகொண்டிருந்தாளா? அம்மா சொன்ன வைத்தியத்தில் அம்மாவுக்கே இது தோன்றவில்லை. பெற்றவள், எந்த மகளுக்கு எது பிடிக்கும் என்பதை அந்த நேரத்தில் மறந்துபோனாள்.

கையை மடியில் இறக்கினேன். இறங்க மறுத்தது, இன்னொரு கையால் பிடித்து இறக்கினேன். எனக்கு வேண்டாம் அத்தான், எனக்கு மோரும் மிளகாயும் போதும் என்றேன்.

அவர் நீட்டிய கையை இறக்கினார். அப்புறம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நிய மனுஷியைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். எழுந்து அடுக்களைக்குப் போய், டப்பா டப்பாவாகத் திறந்து தேடி, மோர் மிளகாயை அவரே கருக வறுத்துக் கொண்டுவந்தார். தின்றேன். காரம் உச்சியில் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தக் காரம் என்னுடையது.

இது நடந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அந்த இலை சாயங்காலம்வரை கூடத்திலேயே கிடந்தது. இந்த வெயில் காலத்தில் ஒரு சொட்டு வெல்லம் சிந்தினால் எறும்பு விடுமா? இலையில் ஒன்றுகூட இல்லை. சுற்றி நடந்து பார்த்தேன், சுவர் ஓரமாக வரிசை போகிறது, இலைப்பக்கம் மட்டும் வரவில்லை. அப்படியே சுருட்டி, கரிசல் வெடிப்பு ஒன்றில் போட்டுவிட்டு வந்தேன். ஜாக்கெட்டைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இன்று காலையில் நடக்கப் போனேன். நாளைக்கும் போவேன். பழையபடி பருத்து ஒளிந்துகொள்ளலாம், ஆனால் ஒளிந்துகொண்ட இடத்திலேயே சாக வேண்டியதுதான். நான் இருக்க வேண்டும் ராஜா. இந்த முகத்தோடு இருந்தாலும் நானாக இருக்க வேண்டும்.

சித்திரையில் நீ வருகிறாய். உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அம்மா என்றால் படத்தில் இருப்பவள், என்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டும் என்று ஆச்சி உனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நானும் சரி என்றேன். அக்காளிடமிருந்து புருஷனை எடுத்துக்கொண்டேன், வீட்டை எடுத்துக்கொண்டேன், அந்தச் சொல்லையாவது அவளுக்கு விட்டுவைப்போம் என்றிருந்தேன். ஆனால் அதற்கு நான் ஏங்காத நாள் இல்லை. காய்ச்சலில் கிடந்து நீ அம்மா என்று முனகும்போது, என்னய்யா என்று பதில் சொல்லிவிட்டு யாராவது கேட்டார்களா என்று வாசலைப் பார்ப்பேன். ஒருதடவை நினைவோடு என்னைப் பார்த்து நீ அப்படிக் கூப்பிட மாட்டாயா என்று இருந்தது.

இப்போது வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

கேட்டைத் திறக்கும்போதே, என் முகத்தைப் பார்க்கும் முன்னால், தெருவே கேட்க சித்தி என்று கூப்பிடு. நான் அடுக்களைக்குள் இருப்பேன், நீ கூப்பிட்ட பிறகுதான் வெளியே வருவேன். என்னைப் பார்த்து உனக்குப் பெற்றவள் எதிரில் நிற்கிற மாதிரி இருந்தாலும், அந்த இன்னொரு சொல்லைச் சொல்லிவிடாதே. நீ சொன்னால் என்னய்யா என்று பதில் வரும். உன்னை வளர்த்த வாயிலிருந்துதான் வரும். சொன்னது நான்தான் என்று உன்னிடம் சத்தியம் பண்ண என்னால் முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயது நன்றாக இரு என் செல்லமே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
சித்தி.